8 ஜிபி லப்டொப்பில் சங்கத்துப் படம்: எடிட்டிங் மென்பொருள் தேடிய அனுபவம்

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொட்டாஞ்சேனையில் எங்கள் சங்கத்துத் தையல் வகுப்பு முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஓர் அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

“தம்பி, கோவிக்காதீங்க. அந்தப் படத்தில நான் வாற இடத்த மட்டும் எடுத்துவிட ஏலுமா?”

2022இல் காஸ் சிலிண்டருக்கு ஆட்கள் இரவிரவாக வரிசையில் நின்ற காலத்தில் நாங்கள் தொடங்கிய சமூகச் சமையலறையைப் பற்றிய படம் அது. ஆறு நிமிடம். தன் வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களைப் பற்றி அந்த அக்கா அதில் மனம் விட்டுக் கதைத்திருந்தார். இப்போது மகளுக்குக் கலியாணம் பேசுகிறார்கள். சம்பந்தி வீட்டார் யூடியூபில் அதைப் பார்த்துவிடுவார்களே என்று அவருக்குத் தவிப்பு. கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. முகமும் அவருடையது, கதையும் அவருடையது. “சரி அக்கா, எடுத்துவிடுறன்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரவு லப்டொப்பைத் திறந்தபோதுதான் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வழியில்லை என்று விளங்கியது. படத்தை எடிட் பண்ணித் தந்த தம்பி, மாதச் சந்தா கட்டும் ஒரு மென்பொருளில், தன் சொந்த லப்டொப்பில் செய்திருந்தான். 2023இல் அவன் வெளிநாடு போய்விட்டான். எங்கள் ஹார்ட் டிஸ்க்கில் புரொஜெக்ட் ஃபைல், அதாவது எதை எங்கே வெட்டி ஒட்டினான் என்ற குறிப்பு, இருந்தது. அதைத் திறக்கும் மென்பொருள் இல்லை. ஒரு மாதச் சந்தா கட்டித் திறந்தாலும் பாதி கிளிப்புகள் அவனுடைய மெஷினோடு போய்விட்டன. முழுதாக எஞ்சியது முடிந்த எம்பி4 வீடியோ ஒன்றுதான்.

அதில் அக்கா மூன்று இடங்களில் வருகிறார். கூட்டிப் பார்த்தால் 41 விநாடி. வெட்டிப் பார்த்தேன். வெட்டிய ஒவ்வொரு இடத்திலும் பின்னணி இசை துள்ளி விழுந்தது. முடிந்த படத்தில் பேச்சும் இசையும் ஒரே ஒலியாகக் கலந்துவிட்டதால் ஒன்றை விட்டு மற்றதை எடுக்க முடியவில்லை. முகத்தை மறைக்கலாம், ஆனால் அந்தத் தெருவில் அவருடைய குரலைத் தெரியாதவர்கள் இல்லை. அன்றிரவே படத்தை யூடியூபிலிருந்து எடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம், சனி ஞாயிறுகளில் உட்கார்ந்து எங்களுக்கு எந்த எடிட்டிங் மென்பொருள் சரிவரும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எங்களைப் போன்ற சின்னச் சங்கங்கள் கொழும்பில் நிறைய இருக்கின்றன. அவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

கையில் இருந்தவை

லப்டொப் ஓர் அலுவலகம் கழித்துவிட்டபோது எங்களுக்குக் கிடைத்தது. எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. தனி கிராபிக்ஸ் கார்ட் கிடையாது. படம் எடுப்பது இரண்டு பேருடைய போனில். ஒலிக்குச் சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்று, கையடக்க ரெக்கோடர் ஒன்று.

வருடத்தில் ஐந்தாறு படம் செய்வோம். தையல் வகுப்பு, மாலை வகுப்புப் பிள்ளைகள், மழை தொடங்கும்போது டெங்கு விழிப்புணர்வு, உதவி செய்பவர்களுக்கு ஆண்டு முடிவில் ஒன்று. எல்லாவற்றிலும் தமிழும் சிங்களமும் எழுத்தில் வரவேண்டும், சில வேளை ஆங்கிலமும். டெங்கு நுளம்பு மொழி பார்த்துக் கடிப்பதில்லை. ஒரே தோட்டக் குடியிருப்பில் இருக்கும் எல்லா வீட்டாருக்கும் விளங்கினால்தான் தண்ணீர் தேங்கும் பூச்சாடியை எல்லோரும் கவிழ்ப்பார்கள்.

காசு விஷயத்தை முதலிலேயே பேசிவிடலாம். தொழில்முறை ஆட்கள் பாவிக்கும் சந்தா மென்பொருள் மாதம் 20 டொலருக்கு மேல். டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலும் வருடத்துக்கு 72,000 ரூபாய். எங்கள் தையல் வகுப்புக்கு நூலும் துணியும் வாங்கும் காசு அது. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டபோது 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், சில மாதங்களுக்குள் 360 அளவுக்குப் போனதை எங்கள் பொருளாளர் அக்கா மறக்கவில்லை. டொலரில் மாதாமாதம் போகும் எந்தச் செலவுக்கும் அவர் கையெழுத்து வைக்கமாட்டார். வைக்காதது சரி என்றே நானும் நினைக்கிறேன். சந்தா நின்றதும் நம்முடைய பழைய படங்களே நமக்குத் திறக்காமல் போகும் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

உடைத்த கொப்பி ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுவந்து தருகிறேன் என்று இரண்டு பேர் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்கும் பொருந்தும். அதைவிடப் பெரிய காரணம், அந்த லப்டொப்பில் உதவி பெறும் குடும்பங்களின் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் இருக்கின்றன. எவரோ உடைத்த மென்பொருளோடு என்னென்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று தெரியாமல் அதில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

ஒரே பொருளை எல்லாவற்றிலும் போட்டுப் பார்த்தேன்

எந்த மென்பொருளில் எத்தனை எஃபெக்ட் இருக்கிறது என்று நான் எண்ணவில்லை. ஒரு ஃபோல்டரில் 42 நிமிட நேர்காணல் ஒன்று, போன் கிளிப் பத்து, தனியாகப் பதிந்த ஒலி, ஒரு தமிழ்த் தலைப்பு, ஒரு சிங்கள வரி ஆகியவற்றை வைத்து, அதே ஃபோல்டரை ஒவ்வொரு மென்பொருளிலும் திறந்தேன். இந்த லப்டொப்பில் ஓடுகிறதா? எழுத்து உடைகிறதா? வாயும் குரலும் கடைசிவரை ஒத்துப்போகின்றனவா? கரண்ட் போனால் வேலை மிஞ்சுமா? நான் இல்லாத நாளில் இன்னொருவர் இன்னொரு மெஷினில் திறக்க ஏலுமா? கடைசிக் கேள்விக்காகத்தான் மற்றக் கேள்விகள் எல்லாம்.

முதலில் டாவின்சி ரிசோல்வ். அவுஸ்திரேலியாவின் பிளக்மேஜிக் டிசைன் நிறுவனத்துடையது. நிறம் திருத்துவதற்கென்றே பிறந்த மென்பொருள். இலவசப் பதிப்பில் 4கே யூஎச்டி தெளிவு வரை வெளியே எடுக்கலாம், படத்தின் மேல் முத்திரை விழாது. ஸ்டூடியோ பதிப்புக்கு 295 டொலர், ஒரே தடவை. காசில்லாமல் இவ்வளவு தருகிற வேறு மென்பொருளை நான் பார்த்ததில்லை. ஆனால் அது 16 ஜிபி ரேமும் நல்ல கிராபிக்ஸ் கார்டும் கேட்கிறது. எங்களிடம் அதில் பாதி ரேம், கார்ட் இல்லவே இல்லை.

வெள்ளவத்தையில் கேம் விளையாடுவதற்கென்று கணினி பூட்டி வைத்திருக்கும் ஒரு நண்பரின் வீட்டுக்கு ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். டியூப் லைட் வெளிச்சத்தில் பச்சை பிடித்திருந்த முகங்களை இரண்டு நிமிடத்தில் மனித நிறத்துக்குக் கொண்டுவந்தது. நல்ல மெஷின் இருக்கும் சங்கம் என்றால் யோசிக்காமல் இதை எடுங்கள். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்திருங்கள். ரிசோல்வ் உங்கள் புரொஜெக்டைச் சாதாரண ஃபைலாக ஃபோல்டரில் வைப்பதில்லை. தனக்குள் ஒரு புரொஜெக்ட் நூலகத்தில் வைத்துக்கொள்கிறது. கிளிப் இருக்கும் ஃபோல்டரை மட்டும் கொப்பி பண்ணி வைத்தால் எடிட் அதற்குள் இருக்காது. வேலை முடிந்ததும் புரொஜெக்டை வெளியே எக்ஸ்போர்ட் பண்ணியோ, கிளிப்புகளோடு சேர்த்து ஆர்க்கைவ் பண்ணியோ வைக்கவேண்டும். இன்னொன்று, புதிய பதிப்பில் மாற்றிய புரொஜெக்டைப் பழைய பதிப்பு திறக்காது.

போனிலேயே எடிட் பண்ணும் செயலிகளையும் பார்த்தேன். முப்பது விநாடி அறிவித்தலுக்கு நல்லது, பிள்ளைகள் பத்து நிமிடத்தில் பழகிவிடுகிறார்கள். ஆனால் அந்த எடிட் அந்தப் போனுக்குள்ளேயே கிடக்கிறது. போன் தொலைந்தால் அதுவும் போயிற்று. நான் பார்த்த ஒன்றில் போன மாதம் இலவசமாக இருந்த வசதி இந்த மாதம் காசு கேட்டது. நம் மக்களின் முகங்களை எந்த ஊர் சேர்வரில் ஏற்றுகிறோம் என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. நிபந்தனைகளை வாசிக்காமல் ஏற்ற வேண்டாம்.

ஓப்பன்ஷொட் பழகுவதற்கு லேசு. மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு முதல் பாடமாக அதைத்தான் கொடுத்தேன். படத்தின் கீழே இரண்டு மூன்று மொழியில் வசன எழுத்துப் போடும் எங்கள் வேலைக்கு அது போதவில்லை.

மிஞ்சியவை இரண்டு, ஷொட்கட்டும் கேடென்லைவும். இரண்டுக்கும் உள்ளே எஞ்சின் ஒன்றுதான், எம்எல்டி என்பார்கள். அந்த எம்எல்டியைத் தொடங்கியவர்களில் ஒருவரான டான் டென்னடிதான் ஷொட்கட்டையும் எழுதிவருகிறார். கேடென்லைவ் 2002இல் தொடங்கியது, இன்று கேடிஈ என்ற தன்னார்வச் சமூகத்தின் கையில் இருக்கிறது. இரண்டும் கட்டற்ற மென்பொருள். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். எவரும் ஒருநாள் பூட்டிவிட முடியாது.

8 ஜிபி ரேமில் இரண்டும் திறந்தன. போன் கிளிப்புகளை நேரடியாக டைம்லைனில், அதாவது துண்டுகளை வரிசையாக அடுக்கும் இடத்தில், போட்டபோது படம் திக்கித் திக்கித்தான் ஓடியது. இன்றைய போன்கள் ஹெச்ஈவிசி என்ற முறையில் இறுக்கிச் சேமிக்கின்றன. இடம் மிச்சம், ஆனால் அதை விரித்துக் காட்டுவது பழைய புரொசெசருக்குப் பெரிய சுமை. இதற்கு மருந்து புரொக்சி. ஒவ்வொரு கிளிப்புக்கும் சின்ன அளவில் ஒரு நகலைச் செய்து, எடிட் முடியும்வரை அதைக் காட்டும். கடைசியாக வெளியே எடுக்கும்போது அசலை எடுத்துக்கொள்ளும். இரண்டிலும் அது இருக்கிறது. இரவு புரொக்சி செய்ய விட்டுவிட்டுப் படுத்தால் காலையில் வெண்ணெய்போல் ஓடும். 4கேயில் எடுப்பதையும் விட்டோம். எங்கள் படங்களைப் பார்ப்பவர்கள் போனில்தான் பார்க்கிறார்கள். ஐபோன் கணக்கின்படி 4கே, நொடிக்கு 30 பிரேமில் நிமிடத்துக்கு 170 எம்பி. அதைவிடத் தெளிவு குறைந்த 1080இல் 60 எம்பிதான்.

கொட்டாஞ்சேனை என்று எழுதிப் பாருங்கள்

ஒரு மென்பொருளுக்குத் தமிழ் வருமா என்று பார்க்க ‘அம்மா’ என்று அடித்துப் பார்த்துத் திருப்திப்படக்கூடாது. அது எதிலும் சரியாக வரும். ‘கொட்டாஞ்சேனை’ என்று அடியுங்கள். கொ, டா, ஞ், சே, னை எல்லாம் ஒரே சொல்லில் இருக்கின்றன.

கணினிக்குள் ‘கொ’ என்பது முதலில் க, பிறகு ஒகரக்குறி என்ற வரிசையில்தான் இருக்கும். திரையில் அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து ஒற்றைக்கொம்பு க-வுக்கு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் போகவேண்டும். இந்த அடுக்குதலைச் செய்ய மென்பொருளுக்குள் தனியாக ஒரு பகுதி வேண்டும். அது இல்லாத இடத்தில் கொம்பு பின்னால் போய் நிற்கும், இல்லையென்றால் புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும். நான் பார்த்த ஒரு கட்டண மென்பொருளில் ஊர்ப் பெயர் அடையாளமே தெரியாமல் சிதறிவிட்டது. பிறகுதான் கண்டுபிடித்தேன், அதன் அமைப்புகளுக்குள் தெற்காசிய எழுத்துக்கென்று ஒரு தெரிவு இருந்தது. அதை மாற்றியதும் சரியாகிவிட்டது. உங்களுடையதிலும் எழுத்து உடைந்தால் முதலில் அந்தத் தெரிவைத் தேடுங்கள்.

இந்தத் தொல்லைக்குப் பயந்துதான் எங்கள் தம்பி பழைய படத்தின் தலைப்புகள் எல்லாவற்றையும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தான். இலங்கையில் அச்சகம், பத்திரிகை என்று பாமினியில் வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் காலத்தில் அது செய்த உதவி பெரியது. ஆனால் பாமினியில் அடித்தது உண்மையில் ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அதைத் தமிழாகக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் ‘வணக்கம்’ என்பது அரைப்புள்ளி கலந்த ஆங்கிலக் குவியலாகத் தெரியும். தேடினாலும் அகப்படாது, வசன ஃபைலாக யூடியூபில் ஏற்றவும் முடியாது. ஆகவே இனி எல்லாம் யூனிகோட், அதாவது தமிழைத் தமிழாகவே சேமிக்கும் முறை.

ஷொட்கட்டிலும் கேடென்லைவிலும் ‘கொட்டாஞ்சேனை’ முதல் தடவையிலேயே வடிவாக வந்தது. எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ சான்ஸ் சிங்களம் இரண்டையும் எடுத்தோம். இலவசம், உரிமமும் திறந்தது, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே குடும்பமாகத் தெரிகின்றன.

சிங்களத்தில் நான் கவனிக்காத ஒரு பிழையைத் தையல் மிஸ்தான் பிடித்தார். “அண்ணா, இந்த ஸ்ரீ உடைஞ்சு கிடக்கு” என்றார். சிங்களத்தில் ஸ்ரீ லங்கா என்று எழுதும்போது எழுத்துகளை ஒட்டவைக்க நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு இணைப்புக் குறி இருக்கும். வசனத்தை நான் ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்குக் கொப்பி பண்ணும்போது அந்தக் குறி விழுந்துவிட்டது. எடிட்டிங் மென்பொருளில் பிழை இல்லை. அன்றிலிருந்து சிங்கள வசனத்தைச் சாதாரண நோட்பேடில், யூனிகோட் வடிவமான யூடிஎஃப்-8ஆகச் சேமித்து, எஸ்ஆர்டி என்ற வசன ஃபைலாகவே உள்ளே எடுக்கிறோம். வெளியே விடுவதற்கு முன் சிங்களம் வாசிக்கும் ஒருவர் கட்டாயம் முழுவதையும் வாசிக்கிறார்.

வசனத் தடங்களைப் பொறுத்தவரை கேடென்லைவ் எங்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஒரே புரொஜெக்டில் தமிழுக்கு ஒன்று, சிங்களத்துக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்க்கலாம். தமிழ் வரி எப்போதும் நீளம். ‘செய்துகொண்டிருக்கிறார்கள்’ என்ற ஒரு சொல்லே பாதி வரியை எடுத்துக்கொள்ளும். ஒரு வரியைச் சுருக்கி எழுதுவதா, எழுத்தைச் சின்னதாக்குவதா என்று வந்தால் சுருக்கியே எழுதுங்கள். எழுத்துச் சின்னதானால் வயது போனவர்களுக்குப் போனில் தெரியாது.

42ஆவது நிமிடத்தில் விலகிய குரல்

நேர்காணலைத் தொடங்கும்போது கமராவுக்கு முன்னால் ஒரு கைதட்டு. ரெக்கோடரில் பதிந்த ஒலியையும் போன் படத்தையும் அந்தத் தட்டில் பொருத்தினேன். முதல் ஐந்து நிமிடம் அச்சொட்டாக இருந்தது. 42ஆவது நிமிடத்தில் வாய் மூடிய பிறகு குரல் வந்தது. கிட்டத்தட்ட ஒரு விநாடி விலகல்.

போன் எப்போதும் விநாடிக்கு 30 படம் என்று சீராக எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால், சூடேறினால், கொஞ்சம் தாமதித்து எடுக்கும். மாறும் பிரேம் வேகம் என்பது இதுதான். எடிட்டிங் மென்பொருளோ சீரான வேகம் என்று நம்பி அடுக்குகிறது. வித்தியாசம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து கடைசியில் ஒரு விநாடியாகிவிடுகிறது. சின்ன கிளிப்பில் தெரியாது. நீண்ட நேர்காணலில் கட்டாயம் தெரியும்.

ஷொட்கட்டில் அப்படியான கிளிப்பைத் திறந்தால் அதுவே கண்டுபிடித்து, எடிட்டுக்கு உகந்த வடிவத்துக்கு மாற்றட்டுமா என்று கேட்கிறது. கேடென்லைவும் கேட்கிறது. அவசரத்தில் நான் அந்தப் பெட்டியை மூடிவிட்டதால்தான் இந்த விலகல் வந்தது. மூடவேண்டாம், ஆம் என்று சொல்லுங்கள். ஃபைல் பெரிதாகும், மாற்ற நேரம் எடுக்கும், ஆனால் குரல் விலகாது. எங்கள் நேர்காணலை நிலையான வேகத்துக்கு மாற்றிப் போட்ட பிறகு 42ஆவது நிமிடத்திலும் உதடும் சொல்லும் ஒன்றாக நின்றன.

இதோடு சேர்ந்தது டியூப் லைட் பிரச்சினை. தையல் அறையில் எடுத்த கிளிப்புகளில் சாம்பல் நிறப் பட்டைகள் மேலிருந்து கீழே ஊர்ந்தன. எந்த மென்பொருளும் அதை முழுதாக எடுக்கவில்லை. எடுக்கும்போதே தடுக்கவேண்டிய விஷயம் அது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், பழைய சோக் போட்ட டியூப் லைட் விநாடிக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. ஷட்டர், அதாவது ஒரு படத்துக்கு ஒளி விழும் நேரம், 1/60 விநாடியாக இருந்தால் ஒவ்வொரு படமும் அந்தக் கூடலில் வெவ்வேறு பங்கைப் பிடிக்கும். 1/50 அல்லது 1/100 வைத்தால் ஒவ்வொன்றும் முழுத் துடிப்புகளைப் பிடிக்கும், பட்டை போய்விடும். போனின் ப்ரோ முறையில் இதை வைக்கலாம். இப்போது நாங்கள் எல்லாவற்றையும் விநாடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று எடுக்கிறோம். புரொஜெக்டும் 25. இரண்டு போனும் ஒரே கணக்கில் இருப்பதால் நடப்பவர்கள் இப்போது தத்தித் தத்திப் போவதில்லை.

வாட்ஸ்அப்பில் வரும் கிளிப்பைப் பற்றியும் ஒரு சொல். வீடியோவாக அனுப்பினால் அது நசுக்கிவிடும். டொக்கியுமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், 2 ஜிபி வரை அப்படியே வரும்.

கரண்ட் சோதனை சுருக்கமாக. 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்களை எல்லோரும் மறந்திருக்கமாட்டீர்கள். இப்போது அப்படி இல்லை. ஆனாலும் மழையோடு போய்வரும், எங்கள் லப்டொப்பின் பட்டரியும் பதினைந்து நிமிடம்தான் தாங்கும். எடிட் பண்ணிக்கொண்டிருக்கும்போதே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து மூன்று தடவை அணைத்தேன். கேடென்லைவ் மீண்டும் திறக்கும்போது, தானாகச் சேமித்ததை மீட்கட்டுமா என்று கேட்டது. மூன்று தடவையும் கடைசி ஓரிரு வெட்டுகள்தான் போயின. புரொஜெக்டின் பழைய நிலைகளையும் அது தனியாக வைத்திருக்கிறது, பட்டியலில் பார்த்து எடுக்கலாம்.

இன்னொருவர் கையில்

எல்லாம் சரியாக வந்த பிறகு கேடென்லைவில் புரொஜெக்டை ஆர்க்கைவ் பண்ணினேன். அந்தத் தெரிவு, பாவித்த கிளிப்புகள், ஒலி, புரொஜெக்ட் ஃபைல் எல்லாவற்றையும் தேடி எடுத்து ஒரே ஃபோல்டரில் சேர்த்துத் தருகிறது. அதை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுத் தையல் மிஸ்ஸிடம் கொடுத்தேன். அவருடைய வீட்டு லப்டொப் எங்களுடையதைவிடப் பழையது. எடிட்டிங் அவருக்குப் புதிது. “மூன்றாவது நிமிடத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஐயா வருகிறார். அவரை எடுத்துவிட்டுப் படத்தை அனுப்புங்கள்” என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த நாள் இரவு போன் வந்தது. புரொஜெக்ட் திறந்திருக்கிறது, கிளிப் எல்லாம் இருக்கின்றன, ஆனால் தலைப்பு வேறு எழுத்தில் வருகிறது. எழுத்துரு ஃபோல்டருக்குள் போகவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஆர்க்கைவ் எழுத்துருவைச் சேர்ப்பதில்லை. நோட்டோ இரண்டையும் அனுப்பினேன், போட்டதும் சரி. ஐயா வந்த இடத்தை எடுத்தார். இசை தனித் தடத்தில் இருந்ததால் துள்ளவில்லை. முழுப் படத்தையும் வெளியே எடுத்து எனக்கு அனுப்பியபோது மணி பத்தரை. தொடங்கியது ஒன்பதுக்கு என்றார். எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

இன்னொன்றும் செய்து பார்த்தேன். அந்தப் புரொஜெக்ட் ஃபைலை நோட்பேடில் திறந்தேன். வெறும் எழுத்து. எந்த கிளிப், எந்த விநாடியிலிருந்து எதுவரை, தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது எல்லாம் கண்ணால் வாசிக்க முடிகிறது. நடுவில் ஓர் இடத்தில் ‘கொட்டாஞ்சேனை’ என்று தமிழிலேயே இருந்தது. நாளை கேடென்லைவே இல்லாமல் போனாலும், எந்தத் துண்டை எங்கே வெட்டினோம் என்று ஒருவர் இதை வைத்துத் திரும்பக் கட்டலாம்.

ஆகவே எங்கள் சங்கத்துக்குக் கேடென்லைவ். மாலை வகுப்புப் பிள்ளைகளின் மெஷினில் ஷொட்கட்டையும் போட்டிருக்கிறோம், சின்ன வேலைக்கு அது இன்னும் லேசு. நல்ல கிராபிக்ஸ் கார்டோடு ஒரு கணினியை யாராவது தந்தால், நிறத் திருத்தத்துக்கு மட்டும் ரிசோல்வ்.

வேலை செய்யும் முறையையும் மாற்றினோம். படத்தில் வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபோல்டர். அவருடைய கிளிப்புகளும் அவர் கையெழுத்து வைத்த சம்மதப் படிவத்தின் போட்டோவும் அதற்குள். டைம்லைனில் ஒருவர் வரும் ஒவ்வோர் இடத்திலும் அவருடைய பெயரோடு ஒரு மார்க்கர், அதாவது அடையாளக் குறி. இசை, பேச்சு, சுற்றுச் சத்தம் மூன்றும் எப்போதும் வெவ்வேறு தடத்தில். எழுத்துருக்கள் ஃபோல்டருக்குள். ஆர்க்கைவ் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று சங்க அலுமாரியில், மற்றது வெள்ளவத்தையில்.

சமையலறைப் படத்தை மிச்சமிருந்த கிளிப்புகளை வைத்துப் புதிதாகக் கட்டினோம். இல்லாத இடங்களை நிரப்ப ஒரு சனிக்கிழமை குசினியில் திரும்பவும் எடுத்தோம். அந்த அக்கா அன்றும் சமைக்க வந்திருந்தார். நான் கமராவைத் திருப்புவதைப் பார்த்துவிட்டு, “முகம் வேணாம் தம்பி. கையை எடுங்க, வெங்காயம் வெட்டுறது நான்தானே” என்றார். ஒன்பது விநாடி எடுத்தேன். டைம்லைனில் அந்த இடத்து மார்க்கரில் ‘அக்கா, கை மட்டும்’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.